உவர்மலை, ஏழாம் இலக்கக் குவாட்டஸ்

சாவி தந்த பியோன்
பின்வளவைப் பற்றி மூச்சே விடவில்லை.
குசினிக் கதவு அரைவாசிதான் திறந்தது;
மற்ற அரைவாசியை நாயுருவி பிடித்து வைத்திருந்தது.
சரி, நீயே இரு என்று சாத்திவிட்டேன்.

காணிப் பதிவகத்தில் எனக்கு வேலை.
நாள் முழுக்க ஊரார் நிலத்துக்கு எல்லை பார்க்கிறவள்:
வடக்கே ஒழுங்கை, கிழக்கே இன்னார் வேலி,
இதற்குள் அடங்கிய கிணறு, வான்பயிர், செய்பயிர்.
வீடு வந்தால் ஆறு பேர்ச்சஸ் காடு,
வானும் கேளாமல் நானும் செய்யாமல்
தன்பாட்டில் வந்து குடியேறிய பயிர்.
அதை எந்த உறுதியில் எழுதுவது?

புரட்டாதி மூன்றாம் சனி
பக்கத்துக் குவாட்டஸில் ஒரு மண்வெட்டி இரவல்.
முழு வளவையும் ஒரே மூச்சில் கொத்திப்போடும் எண்ணம்.
பத்து வெட்டு. உள்ளங்கையில் இரண்டு கொப்புளம்.
கச்சான் காற்றில் காய்ந்த மண்
மண்வெட்டியைத் திருப்பி என்னிடமே எறிந்தது.
பிறகுதான் அறிவு வந்தது:
ஒரு கதவளவு போதும்.
மிச்சத்தின்மேல் பிரிட்ஜ் வந்த மட்டைப்பெட்டியை விரித்து
நாலு மூலையிலும் கல் வைத்தேன்.
கோரை கீழே இருட்டில் கிடந்து யோசிக்கட்டும்.

கதவளவுக்குள் அகப்பட்டவை:
ஒற்றைச் செருப்பு, சின்னக் காலுடையது.
இரண்டு பற்றரி.
சிப்பி (கடல் இவ்வளவு மேலேயா ஏறும்?
யாரோ கறி வைத்திருப்பார்கள்).
ஒரு ஐஸ்கிறீம் குச்சி, அதில் பேனையால்
சிங்களத்தில் நாலு எழுத்து.

படிவங்களில் வரும் சிங்களம்தான் எனக்குத் தெரியும்.
திங்கட்கிழமை தில்ருக்ஷியிடம் நீட்டினேன்.
"கரவில" என்றாள். "பாகல்."
கொஞ்சம் உற்றுப் பார்த்து, "வடிவான கையெழுத்து."
அன்று பின்னேரம்தான் கண்டேன்:
வேலிக் கம்பியில், நாயுருவிக்கும் மேலால் ஏறி,
விரலளவில் ஒரு பழம் செம்மஞ்சளாய் வெடித்து
உள்ளே சிவப்பு விதை காட்டிக்கொண்டிருந்தது.
எனக்கு முந்தி இங்கே இருந்தது யாரென்று
கந்தோரில் கேட்டால் சொல்வார்கள்.
கேட்கவில்லை.

கிண்ணியா பஸ்ஸில் றம்சீனா
அரிசி உரப்பையில் ஆட்டுப்புழுக்கை கொண்டுவந்தாள்.
"எனக்கும் சீற் கிடைச்சது, பைக்கும் சீற் கிடைச்சது,
ஒருத்தரும் கிட்ட வரேல்ல" என்று சிரித்தாள்.
கிணற்று நீர் வாயில் கரித்தது.
மலையின் பெயரிலேயே இருந்ததை
வெறும் பெயர் என்று நினைத்திருக்கிறேன்.
விடிய நாலு மணிக்குக் குழாயில் வரும் நீரை
இரண்டு வாளி பிடித்துவைக்கப் பழகினேன்.

ஐப்பசி முதல் மழை, இரவில்.
மண் விட்ட மூச்சு யன்னலால் உள்ளே வந்தது.
மேசையில் கிண்ணத்துக்குள்
ஊறப்போட்ட பயிற்றை விதை இருபது.

விடிந்து போய்ப் பார்த்தால்
திருக்கடலூரில் வாங்கிக் கட்டிய பழைய மீன்வலை
ஒரு பக்கம் சரிந்து கிடக்கிறது.
பஸ் நிலையத்தில் பாண்துண்டு தின்னும்,
கடற்கரைப் புல்லில் படுத்தெழும்பும்
அதே புள்ளிமான்கள்.
தின்ன ஒன்றும் இருக்கவில்லை அவைக்கு.
நான் இன்னும் ஒன்றும் போடவில்லையே.
சும்மா வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கின்றன,
விலைக்கு வந்த காணியைப் பார்க்கிறவர்கள் மாதிரி.

நான் தடவித் தடவிச் சமப்படுத்திய ஈரப் பாத்தி நெடுக
பிளந்த குளம்பின் குழிகள்.
ஏசத்தான் வாயைத் திறந்தேன்.
குனிந்து விரலை விட்டுப் பார்த்தேன்:
ஒரு கணு ஆழம்.
விதைக் கடைக்காரர் சொன்ன அதே ஆழம்.

இடைவெளிதான் ஒழுங்கில்லை.
குந்தியிருந்து ஒவ்வொன்றாய்ப் போட்டு மூடினேன்.
பத்தொன்பது குழி.
மிஞ்சிய ஒரு விதைக்கு
நானே ஒரு குழி போட்டேன்.